அந்த ஒன்பது நாள்

அன்பு எர்லீன், உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், மர ஆலையில் காவல் வேலை சுலபம்தான்.

நேற்று இந்த ஊர் மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில், ஐம்பது வருடத்துக்கு முன் என் மேல் போட்ட, நான் செய்யாத அந்தத் திருட்டு வழக்கின் பதிவைக் கேட்டேன். டார்லா என்ற எழுத்தர் காரணமே கேட்கவில்லை.

"யாரு வேணாலும் பாக்கலாம் ஐயா, பேரும் வருஷமும் போதும்" என்றாள். எடுத்து வந்ததும், "இது நீங்களா? திருட்டு முழியே இல்லையே!" என்று சிரித்தாள்.

எர்லீன், நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்! வழக்குத் தள்ளுபடி என்று இருக்கிறது. அடியில் கையெழுத்துக்குப் பதிலாக, எழுதப் படிக்கத் தெரியாத நான் அன்று போட்ட பெருக்கல் குறி. விசாரணைக்காக வைத்த ஒன்பது நாள் சிறையைத் தண்டனை என்று நம்பி, தண்டனை பெற்றவனுக்கு ஓட்டுரிமை இல்லை என்று ஐம்பது வருடம் ஓட்டே போடாமல் இருந்துவிட்டேனே!

வீட்டிலுள்ள என் தடித்த கண்ணாடியை அனுப்பு. வாங்கி வந்த நகலைப் பதினொரு முறை படித்தும் ஆசை தீரவில்லை. அங்கே ஓட்டுச் சாவடி எங்கே என்றும் கேட்டு வை. ஆலைச் சங்கு ஊதுகிறது, வேலைக்குக் கிளம்புகிறேன்.

முழுப்பெயரோடு,
வெண்டல் ஜேம்ஸ் ப்ரூயிட்