கற்றாழை நாரில் வார்த்த கால்

அண்ணே,

நேற்று அண்ணி குளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, உரச் சாக்கில் சுற்றிய உங்கள் காலை என் மேசைமேல் வைத்தார். பிரித்ததும் சேற்று வாடை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உங்களுக்கென்று செய்த செயற்கைக் கால். தண்ணீர் படவே கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே.

கற்றாழை நாரைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்த அன்று வாளியை எட்டிப் பார்த்தீர்கள்.

"நாருக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுறீங்களாக்கும்."

"அதேதாண்ணே. எண்ணெய்ப் பசை போனாத்தான் பிசின் பிடிக்கும்."

அந்த நாரை அலசிக் காயவைத்து, பிசினோடு அடுக்கடுக்காக வார்த்தோம். மாட்டிக்கொண்டு நடந்தீர்கள். அப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. எடையே தெரியல." நானும் பூரித்துப்போனேன்.

உங்கள் மிச்சக் கால் உட்காரும் குழியின் அடிப்பக்கம் ஓர் ஓட்டை இருக்கிறது. நாங்கள் போட்டதல்ல. அண்ணியிடம் கேட்டேன்.

"வேர்வை தங்குதுன்னு குடைக்கம்பியக் காய்ச்சி அவுகளே போட்டதுங்க. நடவுக்கும் அதோடதான் எறங்குவாக."

எவ்வளவு பக்குவம் செய்தாலும் ஓட்டை போட்டு அறுபட்ட இடத்தில் நார் தண்ணீர் குடிக்கும். குடித்து உப்பி, உள்பக்கம் மேடு தட்டியிருக்கிறது. அந்த மேட்டில்தான் உங்கள் கால் உரசியிருக்கிறது.

"புண்ணு ஆறவே இல்லைங்க. ஒங்க மனசு ஒடஞ்சிரும்னு என்னயச் சொல்ல விடல."

உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலிதான், காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. உங்கள்மேல் கோபமாக வருகிறது. என் முகம் வாடக்கூடாது என்று புண்ணோடு நடக்கச் சொன்னது யார்? உங்கள் பேச்சை நம்பி, திருமயத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கும் அதே மாதிரி வார்த்து வைத்துவிட்டேன்.

இன்று காலை அவர் வந்து மாட்டிப் பார்த்தார். நாலடி நடந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இருக்குங்க மேடம்."

நீங்கள் சொன்ன அதே பதில். அவரை உட்காரவைத்து, உங்கள் காலை மடியில் கொடுத்து, ஓட்டையையும் மேட்டையும் காட்டினேன். உங்களைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே விரலைவிட்டு மெதுவாகத் தடவினார்.

பிறகு தன் முட்டிக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "இங்கிட்டுக் கடிக்குதுங்க."

சரிசெய்ய அந்தக் காலைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். இனி வேர்வைக்கு ஓட்டையை நாங்களே போட்டு, ஓரத்தைப் பிசினால் அடைத்துத்தான் கொடுப்போம். கடிக்குது என்ற அந்த ஒரு சொல்லை நீங்கள் ஒரு தடவை சொல்லியிருக்கலாம், அண்ணே.