என் எழுத்துப் போட்ட பாரை

1938 ஓகஸ்ட் 9, செவ்வாய்
கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலால் வரும்போது மீன்காரன் பௌஸியிடம் ஒரு பாரை வாங்கினேன். வெட்டப்போனால் முதுகுச் செட்டையடியில் பொத்தான் அளவில் ஒரு வெள்ளைத் தகடு. அதில் இலக்கங்கள், முன்னால் ஒரு ‘சீ’. இங்கிலீசில் எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து. கொன்ஸ்ரன்ஸ் என்ற என் பெயரின் முதலெழுத்து. வேதத்தில் இராயப்பருக்கு மீன் வாயில் கிடைத்தது வெறும் காசு. எனக்கு அந்தோனியார் பெயர் போட்டே அனுப்பியிருக்கிறார்.
மீனைப் பொரித்தேன்.

ஓகஸ்ட் 10
தகட்டைச் செபமாலையில் கோத்துக் கழுத்தில் போட்டாயிற்று. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லியும் ஆயிற்று. சைவக்காரி பாலேஸ்வரிகூட வந்து தொட்டுக் கும்பிட்டாள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று.

ஓகஸ்ட் 14, ஞாயிறு
மகள் ரெஜினா வந்தாள். மருமகன் முத்துலிங்கம் வரவில்லை. வரவேண்டாம். மீன் ஆராய்ச்சிக் கந்தோரில் வேலை என்று, முதல் விருந்திலேயே என் மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்து, “மாமி, இது நேற்றைய மீன்” என்றவர். அன்றிலிருந்து அவரோடு கதையில்லை.
அவர் கந்தோரில் மீனுக்கு அடையாளம் குத்திக் கடலில் விடுகிறார்களாம். அது எங்கே பிடிபடுகிறது என்று தெரிந்தால்தான் குஞ்சு மீனை அள்ளும் வலையை எந்த மாதம், எந்தக் கடலில் நிறுத்துவது என்று சொல்லலாமாம். விட்டதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.
“இந்த மாதம் ஒண்டாவது வராட்டி வேலையை நிப்பாட்டிப் போடுவினம், அம்மா. பிறகு பிள்ளையளோட யாழ்ப்பாணம்தான்.” அழுதாள்.
என்ன அடையாளம் என்று கேட்டேன்.
“சின்னத் தகடு. சிலோனுக்குச் ‘சீ’ போட்டு.”
சேலைத் தலைப்பால் கழுத்தை மூடினேன்.

ஓகஸ்ட் 15
மாதா திருநாள். பூசையில் மனம் நிற்கவில்லை. கொடுத்தால் ஒழுங்கை சிரிக்கும். அதைவிட — அந்த மனிசனோட நான்தான் முதலில கதைக்கவேணும். கொடுக்காட்டி பேரப்பிள்ளையள் ரயில் ஏறும். எடியே கொன்ஸ்ரன்ஸ், அந்தோனியார் தகடு அடிச்சு அனுப்ப நீ ஆர்?

ஓகஸ்ட் 16
பம்பலப்பிட்டிக் கந்தோருக்குப் போய்த் தகட்டை மருமகன் மேசையில் வைத்தேன். எழும்பி நின்றுவிட்டார்.
“மீன் எங்க, மாமி?”
“பொரிச்சுத் திண்டாச்சு.” இத்தனை வருடத்துக்குப் பிறகு என் வாயால் வந்த முதல் வார்த்தை அது.
எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டார். நீர்கொழும்புக்கு நேரே என்று பௌஸி பீத்தினதைச் சொன்னேன். நீளத்துக்குக் கையை விரித்துக் காட்டினேன். எல்லாம் எழுதிவிட்டு, “நல்ல மீனோ?” என்றார்.
“அண்டைக்குப் பிடிச்சது” என்றேன்.

ஓகஸ்ட் 17
ஒழுங்கை சிரிக்கிறது. “அக்கா, நான் கும்பிட்டதைத் திருப்பித் தாங்கோ” என்கிறாள் பாலேஸ்வரி. இதை நான் மறக்கமாட்டேன்.

செப்ரெம்பர் 4, ஞாயிறு
பௌஸியிடம் பெரிய பாரையாகப் பார்த்து வாங்கினேன். முத்துலிங்கம் பிள்ளைகளோடு சாப்பிட வந்தார். வேலையை நிப்பாட்டவில்லையாம்; கற்பிட்டிக் கடலிலும் இனி அடையாள மீன் விடப்போகிறார்களாம். குசினி வாசலில் நின்று அதைச் சொன்னவர், மீன் பக்கம் கண்ணைத் திருப்பவேயில்லை.
நானே செவுளைக் கிளப்பிக் காட்டினேன்.