எனக்கென்ன நோய்?

செவ்வாய், ஒன்பதாம் நோன்பு.

பகலில் போட்டால் நோன்பு முறியும், இரவில் போட்டால் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழ முடியாது என்று இவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். கீழே மிளகு மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், ஜன்னல்களை அடைத்துவிட்டார்.

நான் கெஞ்சியதால் இன்று நோன்பு திறக்கப் பள்ளிவாசல் உஸ்தாத் வந்தார். "நோயாளிக்கு நோம்பு கடமையில்ல மோனே. மாத்திரையைத் தின்னு."

"எனக்கென்ன நோய் உஸ்தாதே?"

உஸ்தாத் என்னைப் பார்த்தார். டாக்டர் சொன்ன நோயின் பெயர் நாக்கு வரை வந்தது. மடியில் மகள்; நாளை அந்தப் பெயர் அவள் மேலும் ஒட்டும்.

"ஒரு நோயும் இல்ல. கொஞ்சம் உறக்கக் கொறவு, அவ்வளவுதான்" என்று மாமியார் பேரீச்சம்பழத்தை நகர்த்தினார்.

"கேட்டியாடி?" என்று இவர் சிரித்தார்.

சஹருக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். எழுப்பாமல் விட்டாலும் வெறும் வயிற்றோடு நோன்பு வைப்பார்.