கோபமே இல்லாத வட்டைவிதானையார்

அனுப்புநர்:
சீ. கச்சிமுகம்மது,
விவசாயி, கல்முனைக்குடி.

பெறுநர்:
நீர்ப்பாசனப் பொறியியலாளர் அவர்கள்,
கல்முனை.

விடயம்: எனது இரண்டு ஏக்கர் வேளாண்மைக்கு மிகுந்த மரியாதையுடன் தண்ணீர் கிடைக்காமற் செய்யப்படுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வயல் வட்டையில் தண்ணீர் முறை பார்க்கும் விதானையார் ஜனாப் காலிதீன் எனது சகலன். அக்கா தங்கையை மணந்து ஒரே வளவில் குடியிருக்கிறோம். தண்ணீர் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனது முறைப்பாடே அதுதான்.

2. கேட்டால், "நீங்க சொன்னாச் சரி" என்பார். முதல் முறை, தண்ணீர் திறக்கும் துருசுக் கதவின் சாவியை மறந்து வந்தார். இரண்டாம் முறை, எனது நன்மைக்காகத் தண்ணீரை மறித்துவிட்டு வாய்க்காலைத் துப்புரவு செய்தார். மூன்றாம் முறை, நான் சம்மாந்துறைச் சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் திறந்தார். என் வரம்பு அடைத்திருந்தபடியால் தண்ணீர் வயலைக் கடந்து போயிற்று. "உங்களக் கரைச்சல்படுத்தப்படாதெண்டுதான் சொல்லல்ல" என்றார்.

3. காரணம் எனக்குத் தெரியும். கடந்த மாசியில் என் மகள் ஜெமீலாவின் கலியாணம். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகனில் மாப்பிள்ளை வீட்டாருடன் அவரும் அமர்ந்திருந்தார். மாப்பிள்ளையின் மாமா பிந்தி வந்தார். நான் சபையறிய, "டேய் காலிதீன், நீ வீட்டு ஆள்தானே, எழும்பு. பிறகு திண்ணலாம்" என்றேன். "ஓம், அதுக்கென்ன" என்று கழுவிய கையுடன் எழுந்து போனார். இருபது வருடமாக என்னை "டேய்" என்றவர், அன்று முதல் "நீங்க" என்கிறார்.

4. நானும் கோபிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரது மாடு என் வரம்பை மிதித்தபோது அதைக் குளிப்பாட்டி, வைக்கோல் கொடுத்து, அவர் வாசலில் கட்டிவிட்டு வந்தேன். அன்றே இருவரும் சத்தம் போட்டிருந்தால் தங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை.

5. வழமைப்படி இம்மனு விதானையார் ஊடாகவே வரவேண்டும். முதல் மனுவை அவரிடம் கொடுத்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தி, "சிபாரிசு செய்யப்படுகின்றது" என ஒப்பமிட்டு, தம் வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். எனவே இதை நேரே அனுப்புகிறேன்.

பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது. வரும் வெள்ளிக்குள் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் பதராகும். ஆகவே எங்கள் இருவரையும் தங்கள் காரியாலயத்துக்கு அழைத்து, கதவைச் சாத்தி, அவர் என்னை வாய்விட்டு ஏசுவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் எதிர்த்துக் கதைக்க மாட்டேன். "டேய்" என்று அவர் தொடங்கினாலே போதும். வயலுக்குப் போய் வரம்பை வெட்டிவிட்டுக் காத்திருப்பேன்.

ஏச்சு வாங்கச் சித்தமாயுள்ள,
சீ. கச்சிமுகம்மது

கல்முனைக்குடி
24.06.1981