ஆளி வயலில் ஒரு மணி நேரம்

ஜூலை 9
புடிஷின் நகர ஆசிரியப் பள்ளியைப் பாதியில் விட்டு வந்து ஏழு வாரம். சும்மா திரிகிறேன் என்று ஊர் ஒரு வேலை கொடுத்திருக்கிறது: நண்பகல் பன்னிரண்டுக்குத் தேவாலய மணி அடிக்க வேண்டும். கேட்டதும் வயலில் இருப்பவர்கள் எல்லோரும் கரையேறிவிடுவார்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை வயல் உச்சிக்காரியுடையது. வெள்ளைத் துணி, கையில் அரிவாள். அவளிடம் மாட்டினால் பேச்சும் புத்தியும் போகும்.
"ராத்திரிப் பேய் தூங்க விடாது. இவ சாப்பிடப் போகச் சொல்றா. தங்கமான பேய்!" என்கிறான் அண்ணன் பெனோ.

ஜூலை 12
மணி அடிக்கவில்லை. ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன் — இல்லை.
மற்றவர்கள் நிழலைப் பார்த்து ஏறிவிட்டார்கள். பெனோ கடைசி வயலில் தனியாக, துணிக்கு நார் தரும் ஆளிச்செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். குனிந்தால் நிமிரமாட்டான். "உன் மணிதான்டி எனக்குக் கடிகாரம்" என்பான்.
இரண்டு மணிக்குத் தூக்கி வந்தார்கள்.

ஜூலை 13
கண் திறந்திருக்கிறது. பேச்சில்லை.

ஜூலை 16
டாக்டர் சொன்னார்: "வெயில் மூளையைத் தாக்கிடுச்சு. பேச்சு வரலாம், வராமலும் போகலாம்."
அப்பா என் தட்டில் உருளைக்கிழங்கு வைத்தார், ஆளி எண்ணெய் ஊற்றினார், முகத்தைப் பார்க்கவில்லை. திட்டித் தொலைக்கலாமே!
லேனா திட்டினாள். அக்டோபரில் பெனோவைக் கட்டிக்கொள்ளப் போகிறவள்.
"படிப்பையும் விட்ட, மணியையும் விட்ட. எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடி?"
"இல்ல."
"அப்ப இதை முடி. ஆளியைப் பத்தி ஒரு மணி நேரம் நிறுத்தாமப் பேசினா உச்சிக்காரி விட்டுடுவாளாம். விதையிலேருந்து சட்டை வரைக்கும். போய் அவன் பேச்சை வாங்கிட்டு வா."
"நடுவுல நின்னுட்டா?"
"உன் வாயும் போகும். ஊருக்கு நிம்மதி."
சொல்லிவிட்டு அழுதாள்.

ஜூலை 17
ஆளியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எண்ணெய் தின்றிருக்கிறேன். லேனா திட்டிக்கொண்டே சொல்லித் தருகிறாள். "அறுக்கக் கூடாதுடி மண்டு, வேரோட பிடுங்கணும்!"

ஜூலை 20
பன்னிரண்டு அடித்துவிட்டு ஓடினேன். ஒரு மணிக்கு அடிப்பது லேனாவின் பொறுப்பு. பெனோ விட்ட வரிசை பாதியில் நின்றது. அங்கேயே நின்று பேசினேன். விதைத்தது, களை எடுத்தது, நீலப் பூ, பிடுங்கிக் கட்டியது, சீப்பில் இழுத்துக் காய் உதிர்த்தது, பனியில் ஊறப்போட்டது, நொறுக்கி நார் எடுத்தது, நூற்றது, நெய்தது, புல்லில் விரித்து வெளுத்தது.
காற்றே இல்லை. எனக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் செடி ஆடியது. மூச்சு வாங்கும்போதெல்லாம் "அப்புறம்?" — காதில் இல்லை, பிடரியில்.
சட்டைவரை வந்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது.
"அப்புறம்?"
அப்புறம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்: இது அவன் கல்யாணச் சட்டைக்கு விதைச்ச ஆளி. அவன் மணிக்காகக் காத்துக்கிட்டு இருந்தான். நான் ஆத்துல கிடந்தேன். தண்ணி சில்லுனு இருந்துச்சு. அந்தச் சட்டையை நான் தைக்கிறேன், எனக்குத் தைக்கத் தெரியாது, ஆனாலும் தைக்கிறேன், அஞ்சு பொத்தான், மர நிறத்துல, ஒண்ணு, ரெண்டு —
ஐந்தாவதில் மணி அடித்தது.

ஜூலை 21
பெனோ அப்படியேதான் இருக்கிறான்.
பொத்தானைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. லேனாவிடம்கூட.

ஜூலை 25
மூச்சு வாங்கவே பயமாக இருக்கிறது, பிடரியில் மறுபடி அந்தக் குரல் வந்துவிடுமோ என்று.

ஜூலை 29
உச்சிக்குச் சற்று முன் லேனா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம். நான் வாசற்படியில் நின்றேன்.
பெனோ உதட்டைத் துடைத்துக்கொண்டான். கரகரத்த குரலில், என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் பார்த்துச் சொன்னான்:
"அஞ்சு பொத்தானும் தைச்சாச்சு. அப்புறம்?"
லேனா கஞ்சியைக் கொட்டிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கிறாள், அழுகிறாள். "பேசிட்டான், பேசிட்டான்!" நான் திரும்பிப் பார்க்கவில்லை.
அப்பா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "பன்னெண்டு ஆகப்போகுது. போய் அடிம்மா."
போய் அடித்தேன். நிறுத்தினால் "அப்புறம்?" கேட்குமே என்று, பன்னிரண்டு முடிந்த பிறகும் கயிற்றை விடக் கை வரவில்லை.