அறிக்கையில் என் பெயர்

அம்மாவுக்கு ஓமானிலிருந்து பிரதீபன் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். கல் கழுவியதில் கை கொஞ்சம் வெடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது மேலே வரும் கல்துகளைக் கழுவிக் கொடுப்பது என் வேலை. அதை ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதுபவன் நம் தோட்டத்து லயத்து டிலக்ஷன். கம்பஸில் கல், மண் பற்றிச் சேர்ந்து படித்த புவிச்சரிதவியலில் என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவன்.

செவ்வாய்க்கிழமை கழுவும்போதே விரலில் மணல் நெருடியது. எண்ணெய் தங்குவது மணற்கல்லில்தான், எல்லாரும் காத்திருந்தது அதற்குத்தான். "மணற்கல்லு வந்திருச்சிடா" என்றேன். "இன்னும் நூறடி இருக்குடா" என்று சிரித்தான். அடுத்த துகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அன்றைக்கு எனக்குச் சோறு கூடுதலாகவே இறங்கியது.

மறுநாள் அறிக்கையைப் பார்த்தேன். முதலில் கண்டுபிடித்தது பிரதீபன் என்று எழுதியிருந்தான். மறைத்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

பொங்கலுக்கு அவன் நம் கந்தப்பளைக்கு வருகிறான். எனக்கான தேயிலைத் தூளை அவனிடம் கொடுக்காதீர்கள், தபாலில் அனுப்புங்கள். அவனுக்குத் தேத்தண்ணி மட்டும் நன்றாக ஊற்றிக் கொடுங்கள்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

பிரதீபன்

ஒன்று விட்டுப்போனது. அவன் சொல்லமாட்டான், அதனால் நானே எழுதுகிறேன். இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததும் அவன்தான்.