மூக்குத்தி போடாத டீச்சருக்கு

பாகலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அருணாவுக்கு,

அப்பா எழுதுவது. பத்தாவதில் இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுடைய மகள், வியட்நாமில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். இது எப்படி நடந்தது என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். நான் உன் அம்மா பக்கம் கையைக் காட்டிவிடுகிறேன். நாங்கள் இருவரும் சுகம்.

பக்கத்து வீட்டு கமலக்கண்ணன் கம்பெனி டிரெய்னிங்குக்கு உன் ஊருக்கே வருகிறான். அவன் பெட்டியில் இதை வைத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும்.

நீ அனுப்பிய பள்ளிக்கூட உடுப்பு விதிகளை எங்கள் கம்பெனி செக்யூரிட்டி சூப்பர்வைசர் திம்மராயனிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். காலர் வைத்த சட்டை, கறுப்புப் பேண்ட், மூடின ஷூ, முகத்தில் நகை கூடாது. நம்ம கேட்டில் ஒட்டியிருப்பதும் இதேதானே முனிவேலு, இதைப் படிக்கவா என்னைக் கூப்பிட்டாய் என்றார்.

என் உடுப்பையும் சொல்ல வேண்டும். செக்யூரிட்டிக்குக் கொடுத்த பேண்டில் இன்னொரு முனிவேல் தாராளமாக நுழையலாம். பெல்ட்டை நம்பித்தான் நிற்கிறேன். ஷிப்ட் முடிந்து அப்படியே குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாட்டை வேனில் ஏற்றிப் போனேன். வியாபாரி போலீஸ் என்று எழுந்து நின்றான். விஷயம் தெரிந்ததும் அவனும் உட்கார்ந்தான், மாட்டு விலையும் உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கு நீ வீடியோ காலில் வந்தபோது அம்மா முதலில் பார்த்தது உன் மூக்கை. கல்யாணமாகாத பெண் இப்படி மூளி மூக்கோடு பிள்ளைகள் முன்னால் நிற்பாளா என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனவள்தான். தக்காளி நல்ல விலைக்குப் போன வருஷம் உன்னைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய் அவளே பார்த்துப் பார்த்து வாங்கிய மூக்குத்தி அல்லவா? அதிலிருந்து உன்னோடு பேச்சில்லை. ஆனால் நீ என்னிடம் பேசும்போதெல்லாம் மிக்ஸியை நிறுத்திவிடுகிறாள்.

அம்மா பேசாவிட்டால் வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதமே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. இங்கே நடந்ததைக் கேள்.

தோட்டத்தில் போர்வெல் வற்றிவிட்டது. அம்மா எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்திருக்கிறாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. முதல் நாள் ஆண்கள் வரிசையில் நான் சோதனை, பெண்கள் வரிசையில் தூத்துக்குடிக்காரி வீரலட்சுமி. உள்ளே உலோகம் எதுவும் போகக் கூடாது மதினி, மூக்குல கெடக்கதையும் கழத்துங்க என்றாள். அம்மா மூக்கில் கை வைத்ததும் நான் லாரிகளை எண்ணுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காவல்காரன் பார்க்காமல் இருக்க வேண்டியதும் உண்டு. திருகாணி வரவில்லை. அது கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, கழற்றியதே இல்லை. வீரலட்சுமி தேங்காயெண்ணெய் தொட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். வரிசையில் ஒருத்தி, சீக்கிரம் ஆகட்டுங்க்கா, உள்ளே என்ன பொண்ணு பாக்கவா வராங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கழன்றதும் அம்மா நேராக என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையில் அதைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது தினமும் ஷிப்ட் முடியும்வரை அது என் பையில்தான், பேனாவுக்குப் பக்கத்தில். இந்தக் கம்பெனியில் என்னை நம்பிக் கொடுத்திருக்கும் விலையுயர்ந்த பொருள் அது ஒன்றுதான்.

அன்று பஸ்ஸில் வரும்போது, அருணாவையும் இப்படித்தான் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கழற்றச் சொல்லியிருப்பாங்களா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

கமலக்கண்ணன் கொண்டுவரும் பார்சலில் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் இருக்கும். பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம். வேப்பங்குச்சியை ஊசி போலச் சீவி, மஞ்சள் தடவிக் காயவைத்தது. வெறுமையாகவே விட்டால் மூக்குத் துளை தூர்ந்துவிடுமாம். தூங்கும்போது போட்டுக்கொண்டு, காலையில் எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாமாம். தான் கொடுத்ததாக எழுதக் கூடாது என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் எழுதவில்லை.

வேலையை விடாதே, பாப்பா. வகுப்புக்கு அவர்கள் சொன்ன மாதிரியே உடுத்திப் போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், குளித்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் அடித்தாலும் நீயாக வைத்துவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா,
முனிவேல்